லௌட் சல்லா: அடுப்புக்கும் போகும் மருந்து மரம்

2011ஆம் ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், உயிரினங்கள் அழியும் ஆபத்தில் உள்ளனவா என்று காட்டும் தன் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது, மேற்கு இமயமலையில் வளரும் ஒரு மரத்தின் நிலை ஒரு படி மோசமானது என்று அறிவித்தது. மரத்தின் அறிவியல் பெயர் டாக்சஸ் கன்டோர்டா. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பேக்ளிடாக்ஸல் என்ற மருந்தைத் தரும் மரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது குறைந்துபோனதற்கு ஒன்றியம் சொன்ன காரணங்கள்: மருந்துக்காக அளவுக்கு மீறி எடுத்தது; விறகுக்கும் தழைக்கும் வெட்டியது.

இந்த ஆய்வு அந்தக் காரணங்களிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரே மரத்தை ஒருவர் மருந்துக் கம்பெனிக்காக வெட்டுகிறார், இன்னொருவர் சோறு பொங்க வெட்டுகிறார். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். சில நேரம் ஒரே ஆள்தான். அந்த ஆளுக்கோ அவர் வீட்டுப் பெண்ணுக்கோ புற்றுநோய் வந்தால், அந்த மரத்தின் மருந்து அவர்களுக்குக் கிடைக்குமா? இதற்கு விடை தேட மேற்கு நேபாளத்தை எடுத்துக்கொண்டேன். அங்கே மரமும் அடுப்பும் நோயாளியும் ஒரே மலைச்சரிவில் இருக்கிறார்கள்.

மரம்

நேபாளத்தில் இதற்கு லௌட் சல்லா என்று பெயர். கட்வால் பக்கம் துனேர், இமாச்சலத்தில் ராகல், காஷ்மீரில் பிர்மி. நேபாளத்தில் மட்டும் இதில் மூன்று இனங்கள் உண்டு. மேற்கே கன்டோர்டா, பரவலாக வாலிச்சியானா, நடுப்பகுதியில் கொஞ்சம் தாழ்வான இடங்களில் மைரேய். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், பெரிய மரங்களின் நிழலில், அவசரமே இல்லாமல் வளரும்.

பட்டை செம்பழுப்பு, செதில் செதிலாக உரியும். இலை தட்டையான ஊசி போல, கிளையின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி அடுக்கியிருக்கும். மேலே கரும்பச்சை, அடியில் வெளிறிய பச்சை. ஒரு இலையைக் கிள்ளி விரலில் நசுக்கி முகர்ந்தால் எதுவும் தெரியாது. மற்ற ஊசியிலை மரங்களில் வருகிற பிசின் வாசனை இதில் வராது, ஏனென்றால் இதற்குப் பிசின் குழாய்களே கிடையாது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் விதையைச் சுற்றி சின்னச் சிவப்புக் கிண்ணம் போல ஒரு சதை வரும். பறவைகள் அந்தச் சதைக்காக வந்து விதையைக் கொண்டுபோய்ப் போடும். மரத்தில் நஞ்சில்லாத இடம் அந்தச் சதை ஒன்றுதான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் தாளிசபத்திரி என்று ஒரு காய்ந்த இலை விற்கிறார்கள். இருமலுக்குக் கொடுக்கும் தாளிசாதி சூரணத்தில் சேரும் சரக்கு. அது இமயமலையின் இன்னொரு மரமான ஏபிஸ் இனத்தின் இலை. ஆனால் வட இந்தியச் சந்தையில் லௌட் சல்லா இலையும் அதே பெயரில் கைமாறியிருக்கிறது. வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை: ஏபிஸ் இலையின் நுனி பிளந்திருக்கும், அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்கும், லௌட் சல்லாவின் நுனி கூர்மையானது. நேபாள அரசு பதப்படுத்தாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று வைத்திருக்கும் பட்டியலில் தாளிசபத்ரா, லௌட் சல்லா இரண்டும் தனித்தனிப் பெயர்களாக உள்ளன. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. மூட்டைக்குள் இருப்பது காய்ந்த இலை என்பதால் சந்தையில்தான் குழப்பம்.

பட்டையிலிருந்து ஊசியிலைக்கு

மருந்தின் கதை இமயமலையில் தொடங்கவில்லை. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காடு ஒன்றில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர், லௌட் சல்லாவின் உறவு மரமான பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையையும் கிளைகளையும் சேகரித்தார். தாவரங்களில் புற்றுநோய் மருந்து இருக்கிறதா என்று அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆயிரக்கணக்கான செடிகொடிகளைச் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. மாதிரிகள் வட கரோலினாவில் மன்றோ வால், மன்சுக் வானி இருவரிடமும் வந்தன. வானி மகாராஷ்டிரத்தின் நந்தூர்பாரில் பிறந்தவர், பம்பாயில் படித்தவர். பட்டையிலிருந்து செயல்படும் பொருளைப் பிரித்து, அதன் கட்டமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். டாக்சால் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பிற்பாடு ஒரு கம்பெனியின் வணிகப் பெயராகிவிட்டது. மருந்தின் பொதுப்பெயர் பேக்ளிடாக்ஸல் என்றானது அதனால்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை 1979இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் குழு கண்டுபிடித்தது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உருவாகி, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்து, அப்புறம் கலைந்துவிட வேண்டும். நம் ஊர் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் அந்த இழைகளை உருவாக விடாது. பேக்ளிடாக்ஸல் நேர் எதிர். உருவான இழைகளைக் கலைய விடாது. கட்டிய சாரத்தைப் பிரிக்க முடியாமல் வேலை நின்றுபோவது போல, செல் பிரிய முடியாமல் மாண்டுபோகிறது. அதுவரை யாரும் பார்த்திராத வழி இது.

ஆனால் மருந்தை மனிதருக்குக் கொடுப்பதில் அடுத்தடுத்து தடைகள். தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்துதான் ஏற்ற முடிந்தது. அந்தக் கரைப்பானால் ஒவ்வாமை வந்தது. அதற்கு முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமை மருந்தும் கொடுக்கும் முறை வந்தது. 1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மற்ற மருந்துகளுக்கு மசியாத சினைப்பைப் புற்றுநோயில் 10 பேரில் 3 பேருக்குக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் இந்த மருந்து வேண்டியிருந்தது.

பட்டை போதவில்லை. ஒரு கிலோ மருந்துக்கு ஏறக்குறைய 10,000 கிலோ பட்டை வேண்டும். நூறு வயது மரத்தை உரித்தால் சுமார் 3 கிலோ பட்டை, அதிலிருந்து 300 மில்லிகிராம் மருந்து. பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் செத்துவிடும். சராசரி உடல்வாகுள்ள ஒரு பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஒரு தவணை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் கணக்கில், 260 மில்லிகிராம் வரும். அதாவது ஒரு தவணைக்கு ஒரு நூற்றாண்டு மரம். நோயாளிக்கு நான்கிலிருந்து ஆறு தவணை தேவை.

இந்த முடிச்சை வேதியியலாளர்கள் அவிழ்த்தார்கள். பிரான்சில் பியர் போத்தியே குழு, ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையில் மருந்தின் பாதி வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டியது. சுருக்கமாக 10-டிஏபி என்பார்கள். இலை மறுபடி துளிர்க்கும், மரம் சாகாது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோல்டன் அதை முழு மருந்தாக்கும் நல்ல வழியைக் கண்டார். 1992 டிசம்பரில் அமெரிக்கா மருந்துக்கு அனுமதி கொடுத்தது. சீக்கிரமே பட்டை உரிப்பது அங்கே நின்றது. பிறகு யூ செல்களைத் தொட்டியில் வளர்த்து மருந்து எடுக்கும் முறையும் வந்தது. அறிவியல் தன் பங்குக்குச் செய்ததை நான் முழு மனதோடு பாராட்டுவேன். ஒரு மரத்தைக் கொல்லாமல் மருந்து செய்ய முப்பது ஆண்டு உழைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஊசியிலை போதும் என்ற செய்தி இமயமலையில் வேறு விதமாக வேலை செய்தது. அமெரிக்காவில் பட்டைக்கு நெருக்கடி இருந்த அதே ஆண்டுகளில் இங்கே இலை, பட்டை வாங்கும் ஆட்கள் மலையேறினார்கள். எடை போட்டுக் காசு கொடுத்தார்கள். இலையை முறையாகப் பறிப்பதென்றால் நுனிக்குருத்தை விட்டு, ஒரு மரத்தில் ஒரு பங்கு மட்டும் எடுத்து, அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். கிளையோடு வெட்டி முதுகில் சுமந்து வந்தால் அன்றைக்கே கூலி. கையில் வேறு வருமானம் இல்லாதவர் எதைச் செய்வார் என்று கேட்கவே வேண்டாம். இதைப் பேராசை என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எடைக்குக் காசு என்று விதி வைத்தவர்தான் அந்த வெட்டுக்குப் பொறுப்பு.

இந்தியா முன்மொழிந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995இல் டாக்சஸ் வாலிச்சியானா சேர்ந்தது. அதில் ஒரு ஓட்டை இருந்தது. இலைக்கும் பட்டைக்கும் அனுமதி வேண்டும், ஆனால் அவற்றிலிருந்து பிரித்த சாறுக்கு வேண்டாம். மலையடிவாரத்திலேயே சாறெடுத்தால் தடையில்லாமல் எல்லை தாண்டலாம். 2004இல் பாங்காக்கில் நடந்த கூட்டத்தில் அந்த ஓட்டையை அடைத்தார்கள், மற்ற ஆசிய இனங்களையும் சேர்த்தார்கள். கடைக்கு வரும் முழுமையான மருந்துக்கு மட்டும் விலக்கு.

பத்திரம், முத்திரை, எல்லைச் சாவடி எல்லாம் மருந்து வணிகத்துக்கு. சமையலறைக்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

அடுப்பு

மலை வீட்டின் அடுப்பை அகேனு என்கிறார்கள். தரையில் ஒரு பள்ளம், அதன் மேல் ஓதான் என்ற மூன்றுகால் இரும்பு வளையம், அதில் பாத்திரம். புகைபோக்கி கிடையாது. கூரை இடுக்கு வழியாகப் புகை வெளியேற வேண்டும். குளிர்காலத்தில் கதவைத் திறந்து வைக்க முடியாது, ஏனென்றால் அந்த அடுப்பு சமையலுக்கு மட்டுமல்ல, வீட்டின் ஒரே கணப்பும் அதுதான். பெண்கள் அதன் முன் உட்கார்ந்து ரொட்டி சுடுகிறார்கள், குழந்தை மடியில் இருக்கும். மரச்சட்டங்களும் உத்தரமும் பல ஆண்டுப் புகையில் தார் பூசியது போல் கறுத்துப் பளபளக்கும்.

நேபாளத்தின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 51 சதவீத வீடுகள் விறகில் சமைப்பதாகச் சொல்லின. 44 சதவீதம் சிலிண்டர் எரிவாயு. மின்சாரத்தில் சமைப்பவை அரை சதவீதம். அதே கணக்கெடுப்பில் வெளிச்சத்துக்கு மின்சாரம் பயன்படுத்தும் வீடுகள் 92 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மலையின் நிலைமை புரியும். மின்சாரம் வந்துவிட்டது. அடுப்புக்குள் வரவில்லை. ஜும்லா, ஹும்லா, டோல்பா இருக்கும் கர்ணாலி மாநிலத்தில் விறகின் பங்கு நாட்டின் சராசரியைவிட மிக அதிகம்.

ஏன் வரவில்லை? கணக்குப் போட்டால் தெரியும். மலை ஊர்கள் பலவற்றுக்கு முதலில் வெளிச்சம் தந்தவை ஓடைநீரில் சுற்றும் சிறு நீர்மின் நிலையங்கள். நேபாளத்தின் மாற்று ஆற்றல் மையம் 1996இலிருந்து அவற்றை வளர்த்து வருகிறது, உலகமே பார்த்துப் பாராட்டிய வேலை. 20 கிலோவாட் தரும் ஒரு நிலையம் 200 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 100 வாட். நான்கு பல்பு, கைபேசி சார்ஜ், ஒரு ரேடியோ. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு 1,500 வாட் கேட்கும். மாலை ஆறு மணிக்கு ஊரில் 14 பேர் ஒரே நேரத்தில் அடுப்பை ஏற்றினால் ஊர் முழுக்க இருட்டு.

பெரிய மின்கட்டமைப்பு வந்த இடங்களில் வேறு தடை. நேபாளத்தின் நீர்மின் நிலையங்களில் பெரும்பான்மை, தேக்கி வைக்காமல் ஆறு ஓடுகிறபடி மின்சாரம் எடுப்பவை. மழைக்காலத்தில் மிஞ்சுகிறது, இந்தியாவுக்கு விற்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் ஆறு ஒடுங்கும்போது இந்தியாவிடமிருந்து வாங்குகிறார்கள். எந்த மாதத்தில் வீட்டுக்குச் சூடு அதிகம் வேண்டுமோ அந்த மாதத்தில்தான் ஆற்றில் நீர் குறைவு. சிலிண்டர் எல்லாம் இந்திய எல்லை வழியாக வருகிறது. 2015 செப்டம்பரில் எல்லைப் போக்குவரத்து நின்று மாதக்கணக்கில் நீண்டபோது நகரத்துக்காரர்களே விறகுக்குத் திரும்பினார்கள். அதைப் பார்த்த ஒரு மலைக் குடும்பம் விறகுக் குவியலை விட்டுவிடாது. அது அவர்களுக்கு வங்கிக் கணக்கு மாதிரி.

விறகுப் புகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்லியாக வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வீட்டில் விறகு போன்றவற்றை எரிக்கும் புகையை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் 2010இல் வைத்தது. நிலக்கரிப் புகை உறுதியாகவே உண்டாக்கும் என்ற வகையில் இருக்கிறது. பேக்ளிடாக்ஸல் சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களுக்கு மட்டுமல்ல, நுரையீரல் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து. லௌட் சல்லாவை எரித்ததால்தான் ஒருவருக்கு நோய் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. மரத்தைக் குறைக்கும் அடுப்பும் நுரையீரலைக் கெடுக்கும் அடுப்பும் ஒரே அடுப்பு என்பதை மட்டும் சொல்கிறேன்.

நோயாளி

ஜும்லா பக்கத்து மலையூரில் 45 வயதுப் பெண் ஒருவர் மார்பில் ஒரு கட்டியைத் தடவி உணர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவர் யாரோ ஒரு குறிப்பிட்ட ஆள் அல்ல. வழியைக் காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

முதலில் ஊர் சுகாதார நிலையம். அங்கிருந்து ஜும்லாவின் கர்ணாலி சுகாதார அறிவியல் கழகம், 2011இல் தொடங்கிய மருத்துவமனையோடு கூடிய கல்லூரி. மலைக்காரர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது பெரிய விஷயம். ஆனால் புற்றுநோய்க்கென்று முழுமையான சிகிச்சைக்குக் கீழே இறங்க வேண்டும். ஜும்லாவிலிருந்து சுர்கேத் வரை கர்ணாலி நெடுஞ்சாலை 232 கிலோமீட்டர். ஆற்றை ஒட்டி, பாறையைக் குடைந்து போன சாலை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. சுர்கேத்திலிருந்து இன்னும் இறங்கினால் நேபாள்கஞ்ச் சமவெளி. அதன் பக்கத்தில் கஜுராவில் சுஷில் கொய்ராலா பிரகார் புற்றுநோய் மருத்துவமனை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் சித்வானின் பரத்பூரில் பி.பி. கொய்ராலா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, சீன அரசின் உதவியோடு கட்டியது. அல்லது காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பக்தபூர்.

சரி, வந்து சேர்ந்துவிட்டார். பேக்ளிடாக்ஸல் ஏற்றும் நாள் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். தொற்றோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 1,500க்குக் குறைந்தால் அன்றைக்கு மருந்து கிடையாது, திரும்பிப் போக வேண்டியதுதான். எண்ணிக்கை சரி என்றால் ஸ்டீராய்டு, ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகள். அப்புறம் மருந்து. சாதாரண பிளாஸ்டிக் டிரிப் குழாயில் ஏற்றக் கூடாது. அந்த ஆமணக்குக் கரைப்பான் சில வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்து ரத்தத்தில் கலந்துவிடும். அதனால் வேறு வகைக் குழாய், நடுவில் ஒரு நுண்வடிகட்டி. மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக. முதல் கால் மணி நேரம் நர்ஸ் பக்கத்திலிருந்து நகர மாட்டார். முகம் சிவக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஏதாவது என்றால் உடனே நிறுத்தி ஆக்சிஜன் வைக்க வேண்டும்.

மூன்று மணி நேரம் முடிந்ததும் ஆபத்து முடியவில்லை. பத்தாம் நாள் வாக்கில் வெள்ளணுக்கள் மிகக் கீழே இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகலாம், சீக்கிரமே நரம்பு வழியாக ஆண்டிபயாடிக் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். ஜும்லாவுக்கு மேலே ஒரு மலையூரில் பத்தாம் நாள் இரவு காய்ச்சல் வந்தால்? ஆகவே மருத்துவர்கள் நியாயமாகவே சொல்கிறார்கள்: மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். அடுத்த தவணை 21 நாள் கழித்து. நான்கு தவணை என்றால் ஏறக்குறைய மூன்று மாதம், அதற்கு முன்னால் வேறு மருந்துகள் இருந்தால் ஆறு மாதம். சமவெளியில் வாடகை அறை, கூடவே ஒரு உறவினர். அதுவரை ஊரில் வயலை யார் பார்ப்பது, மாட்டை யார் பார்ப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது.

நேபாள அரசு புற்றுநோய் உட்பட எட்டு நோய்களுக்கு ஏழைகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி தருகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் கட்டினால் ஒரு லட்சம் வரை கிடைக்கும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ஒரு சின்ன நாடு இவ்வளவு செய்வது எளிதல்ல. ஆனால் இந்தப் பணம் மருத்துவமனைக் கணக்கில் கழிகிறது. வாடகை அறையும் மூன்று மாதம் இழந்த கூலியும் அந்தக் கணக்கில் வராது.

இதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மருந்தின் விலை இன்று முதல் தடை அல்ல. இந்தியாவில் 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லாததால் நம் கம்பெனிகள் இதைச் சீக்கிரமே செய்யக் கற்றுக்கொண்டன. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. மலையின் நோயாளியைத் தடுப்பவை ரத்த அணுக்களை எண்ணும் கருவி எங்கே இருக்கிறது என்பதும், பத்தாம் நாள் இரவு காய்ச்சலுக்கு யார் பொறுப்பு என்பதும்தான். மருந்து மலிவானதைக் கொண்டாடும் கட்டுரைகள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. வாசித்து வாசித்து எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மூன்று துறைகள், ஒரு வீடு

இந்த வீட்டைப் பற்றி ஆய்வுகள் இல்லாமல் இல்லை. மலை ஆற்றல் ஆராய்ச்சியாளர் எத்தனை வீட்டில் மின் இணைப்பு என்று எண்ணுகிறார். வன ஆராய்ச்சியாளர் எத்தனை லௌட் சல்லா வெட்டுப்பட்டு அடிக்கட்டையாக நிற்கிறது என்று எண்ணுகிறார். புற்றுநோய் மருத்துவர் எத்தனை நோயாளிகள் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள் என்று எண்ணுகிறார். மூவரும் நல்ல வேலை செய்கிறவர்கள். ஆனால் மூவரும் ஒரே கதவைத் தட்டி, மூன்று வேறு தாள்களோடு திரும்பிப் போகிறார்கள்.

சேர்த்துப் பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும். ரத்த அணுக்களை எண்ணும் தானியங்கிக் கருவி சில நூறு வாட் மட்டுமே எடுக்கும், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பைவிடக் குறைவு. அதற்கு வேண்டியது நிறைய மின்சாரம் அல்ல, நடுவில் போகாத மின்சாரம். உலக சுகாதார அமைப்பும் உலக வங்கியும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட அறிக்கை, தெற்காசியாவிலும் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவிலும் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்களில் மின்சாரமே இல்லை என்றது. ஏறக்குறைய நூறு கோடி பேர் மின்சாரம் இல்லாத அல்லது நம்ப முடியாத நிலையங்களையே நம்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னது. மாவட்ட மருத்துவமனையில் சூரிய மின்சாரமும் பேட்டரியும் வைத்து ஒரு அறையை மட்டும் நிறுத்தாமல் ஓட்டினால், முதல் தவணையைச் சமவெளியில் ஏற்றிவிட்டு அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளையும் பத்தாம் நாள் காய்ச்சலையும் ஜும்லாவிலேயே பார்க்கலாம். பழகிய நர்ஸ்கள் இருந்தால் பிற்பாடு மருந்தையும் அங்கேயே ஏற்றலாம். இது கனவு அல்ல. மாவட்ட மருத்துவமனைகளில் பகல்நேரக் கீமோ பிரிவுகளைக் கேரளம் நடத்தி வருகிறது, இந்தியா முழுவதும் அவற்றைத் தொடங்குவதாக ஒன்றிய அரசும் 2025 பட்ஜெட்டில் அறிவித்தது.

அடுப்பு இதைவிடக் கடினம். சமையலை மின்சாரத்துக்கு மாற்றினாலும் கணப்புக்கு விறகு வேண்டும். புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்பு விறகைக் குறைக்கும், புகையை வெளியேற்றும், அறையைச் சூடாக்கும். முழுத் தீர்வு அல்ல என்றாலும், மின்கம்பிகள் தடிமனாகி அடுப்பைத் தாங்கும் வரை மலைக்கு அதுதான் நேர்மையான வழி என்று நினைக்கிறேன். சமவெளியில் உட்கார்ந்து விறகை விடுங்கள் என்று சொல்வது எளிது.

மரத்தைப் பொறுத்தவரை நேபாளத்துக்கு ஒரு பலம் உண்டு. 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு காடுகளை ஊர்க் குழுக்களே நிர்வகிக்கின்றன, இப்போது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். லௌட் சல்லாவை விதையிலிருந்து வளர்ப்பது பொறுமை சோதிக்கும் வேலை, முளைக்கவே ஒன்றிரண்டு ஆண்டு ஆகும். கிளைத்துண்டை நட்டு வேர் பிடிக்க வைப்பதே வழக்கம். காத்மாண்டுக்குக் கிழக்கே பனேபாவில் டாபர் நேபாளம் நாற்றங்கால் வைத்து இந்த நாற்றுகளை வளர்த்தது. அந்த நிறுவனத்தின் இந்தியத் தாய்க் கம்பெனி ஒரு காலத்தில் பேக்ளிடாக்ஸல் செய்து விற்றது. வேலி போட்ட தோப்பில் முறையாகப் பறித்த இலைக்கு எடையை மட்டும் பார்க்காமல் பறித்த விதத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்தால், கிளையோடு வெட்டும் பழக்கம் குறையும். குழுக் கூட்டத்தில் விறகுக்கு எந்தச் சரிவு, இலைக்கு எந்தச் சரிவு என்று பிரிக்கும்போது, விறகு சுமக்கும் பெண்களைக் கேட்டுப் பிரிக்க வேண்டும். எந்த மரம் எங்கே நிற்கிறது என்று அவர்களைவிடத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை.

ஆராய்ச்சிக்கு என்று கேட்டால் என் பட்டியல் சின்னது. புற்றுநோய் மருத்துவமனையின் முதல் நாள் படிவத்தில் வயது, முகவரி, புகைப்பழக்கம் கேட்கிறார்கள். அதோடு எதில் சமைக்கிறீர்கள், எத்தனை ஆண்டாக என்றும், ஊருக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்கலாம். வனக் குழுவின் பதிவேட்டில் போன ஆண்டு இங்கிருந்து சிகிச்சைக்கு இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் போடலாம். இரண்டு காகிதத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.